முப்பத்தோரு இருமல்

டார்ச்சக்கா எங்கே போனாலும் எல்லோரும் பார்க்கும் திசையைப் பார்க்கமாட்டாள். கல்யாண வீட்டில் மணமக்களை விட்டுவிட்டு, மணமக்களைப் பார்க்கிறவர்களைப் பார்ப்பாள். தெருவில் சண்டை நடந்தால் மாடி ஜன்னல்களில் எட்டிப் பார்க்கும் தலைகளை எண்ணுவாள். வீட்டில் டிவி ஓடும்போது டிவிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எதிரே இருக்கும் கணவரையும் மகளையும் பார்த்துக்கொண்டிருப்பாள். கதை எப்படிப் போகிறது என்பதை அவர்கள் முகத்திலிருந்தே தெரிந்துகொள்வாள். "இப்ப அவ செத்துட்டாளா?" என்று கேட்பாள். செத்திருப்பாள்.

சின்ன வயதில் மகளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் வெட்கமாக இருந்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். புள்ளியியல் படித்தாள். பட்டமளிப்பு அன்று மேடையில் சுருட்டிய காகிதத்தை வாங்கிக்கொண்டு அவள் நிமிர்ந்த நேரத்தில், அம்மா பின்பக்கம் திரும்பி அரங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புகைப்படத்தில் அம்மாவின் கொண்டை மட்டும்தான் தெரிகிறது.

"உங்கம்மாவுக்குக் கழுத்தை மாத்தி மாட்டிட்டாங்க" என்றார் அப்பா. ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எதையும் மாட்டுவது, கழற்றுவது என்றுதான் அவருக்குப் பேச வரும்.

"நீ பட்டம் வாங்கினப்ப எட்டாவது வரிசையில ஒரு பொம்பளை எந்திரிச்சு நின்னு கைதட்டினா. நமக்குச் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. அதை நீங்க யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டாள் டார்ச்சக்கா. யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மகள் அந்தப் படத்தைப் பற்றிக் குறை சொல்வதை விட்டுவிட்டாள்.

இருபத்தாறு வருடங்களாக டார்ச்சக்கா ஒரு நாடக அரங்கத்தின் பால்கனியில் வேலை பார்க்கிறாள். கையில் டார்ச் விளக்கு. டிக்கெட்டைப் பார்த்து, இருக்கையைக் காட்டி, தாமதமாக வருகிறவர்களை முறைத்து, போனை நோண்டுகிறவர்களின் முழங்காலில் வெளிச்சம் அடித்து, விளக்கு அணைந்ததும் இடதுபக்கத் தூணுக்கு அருகில் மடக்கு ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். அங்கிருந்து மேடை பாதிதான் தெரியும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. எட்டு வரிசை, நூற்று நாற்பது இருக்கை, அத்தனை முகமும் தெரியும்.

அவள் கையில் டார்ச்சோடு ஓர் அட்டையும் இருக்கும். பழைய சுவரொட்டிகளை வெட்டி, பின்பக்கம் கோடு போட்டது. பாட்டுக்கு ஒரு கட்டம், காட்சிக்கு ஒரு கட்டம். சிரிப்புக்கு வட்டம். இருக்கை கிறீச்சிட்டால் கோடு. எழுந்து போனால் பெருக்கல் குறி. இருமினால் புள்ளி.

இந்தப் புள்ளிதான் அவளுடைய கண்டுபிடிப்பு. இருபது வருடங்களுக்கு முன்னால் ஒரு நாடகம் சரியாகப் போகவில்லை. எங்கே இழுக்கிறது என்று தெரியாமல் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். டீ குடிக்கிற இடத்தில் இவள் சும்மா சொன்னாள்: "ரெண்டாம் பாதியில அப்பனும் மகனும் பேசுற இடத்துல எல்லாரும் இருமுறாங்க சார். பிடிச்ச இடத்துல சனம் இருமாது. வந்தாலும் முழுங்கிக்கும்." அப்போது டைரக்டருக்கு உதவியாளராக இருந்தவர் சிரித்தார். மறுநாள் தானே மேலே வந்து உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்தக் காட்சியைப் பாதியாக வெட்டினார்கள், நாடகம் பிழைத்தது.

அந்த உதவியாளர்தான் இன்றைக்கு டைரக்டர். புதிய நாடகம் எது வந்தாலும் அரங்கேற்றத்துக்கு முன் நடக்கும் வெள்ளோட்டக் காட்சிகளின்போது அவளுடைய அட்டை அவருடைய மேஜைக்குப் போய்விட வேண்டும். "கைதட்டல் நமக்குத் தெரிஞ்சவன் தட்டுறது. இருமல் அப்படியில்ல" என்பார். அட்டையை நடிகர்களுக்குக் காட்டக்கூடாது என்பது ஏற்பாடு. யாருக்காகவும் ஒரு புள்ளியைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை என்பது அவளுடைய கர்வம். சம்பள உயர்வு கேட்டுக்கூட அவள் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் அதே மேடையில் ஓடோ ஓடென்று ஓடிய ஓர் இசை நாடகத்தை மறுபடியும் போடப்போவதாக அறிவிப்பு வந்தது. 'ஏழாம் நம்பர் வண்டி.' ஒரு பேருந்து நடத்துநரும், கடைசி நிறுத்தத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண்ணும். அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் பாட்டு.

நடத்துநராக ஒரு டிவி நடிகர். முன்பதிவு தொடங்கிய அன்று வரிசையில் நின்றதில் பாதி அவருக்காக. கதாநாயகியாக முதலில் பேசி வைத்திருந்தவள் சினிமா வாய்ப்பு வந்ததும் போய்விட்டாள். கடைசி நேரத்தில் கோரஸில் இருந்து ஒருத்தியை இழுத்து முன்னால் நிறுத்தினார்கள். பதினோரு வருடம் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வரிசையில் நின்று பாடியவள். அரங்கத்தில் எல்லோருக்கும் அவள் 'பின்வரிசை'தான். முப்பத்து நாலு வயது. இந்த வாய்ப்பு போனால் இன்னொன்று வரும் என்று நினைக்கிற வயதில்லை.

முதல் வெள்ளோட்டத்தன்று மதியம் மூன்று மணிக்கே பால்கனி நிரம்பிவிட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு வயதான தம்பதி. பழைய நாடகத்தைப் பார்த்தவர்கள். மனைவி வந்து உட்கார்ந்ததிலிருந்து பக்கத்து இருக்கைக்காரர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப நடிச்சாங்களே ஒரு அம்மா... அவங்க பெஞ்சுல வந்து உட்கார்ந்தாலே போதும், பெஞ்சு அழும்."

"நீ எங்கே மேடையைப் பார்த்த? அன்னிக்கு முழுக்க என்னைத்தானே பார்த்துட்டிருந்த" என்றார் கணவர்.

"உங்களைப் பார்த்ததாலதான் எனக்கும் அழுகை வந்துச்சு. சும்மா இருங்க."

கடைசி வரிசையில் மூன்று கல்லூரிப் பெண்கள். நடிகர் மேடைக்கு வந்ததும் அவர்கள் போட்ட கூச்சலில் பழைய பாட்டின் முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை.

"ஐயோ, நேர்ல குள்ளமா இருக்கான்டி!"

"டிவியில மட்டும் என்ன பனைமரமாவா இருந்தான்? நீதான் தரையில படுத்துக்கிட்டுப் பார்த்திருப்ப."

டார்ச்சக்கா அவர்கள் முழங்காலில் வெளிச்சம் அடித்தாள். அடங்கினார்கள்.

முதல் பாதியில் வட்டங்களாகவே விழுந்தன. நடிகர் அங்கங்கே சுருதி விலகினார். சனம் அதைப் பொருட்படுத்தவில்லை. தெரிந்த முகம் தப்பு செய்தால் அதுவும் ஒரு சந்தோஷம். பின்வரிசைக்கு அந்தச் சலுகை கிடையாது. அவள் வாயைத் திறந்ததும் பழைய ரசிகர்கள் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். 'பார்ப்போம், என்னதான் செய்கிறாள்' என்கிற சாய்வு அது. இடைவேளையில் படிக்கட்டில் பேசிக்கொண்டதும் அப்படித்தான் இருந்தது. "நல்லாத்தான் பாடுது. ஆனா..." என்று தொடங்கி, ஆனாவுக்குப் பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் டீயைக் குடித்தார்கள்.

இரண்டாம் பாதியில்தான் நாடகத்தின் இரண்டு பெரிய இடங்கள். முதலில் பேருந்து நடனம். ஒட்டுப்பலகையில் செய்த பாதிப் பேருந்து மேடையில் உருண்டு வரும், அதன் கூரையில் நடிகர் ஆடுவார். முடிவில் பனிமூட்டம் போல் புகை கிளம்ப, வண்டி அதற்குள் மறையும். அடுத்து கடைசி நிறுத்தத்துப் பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்து பாடும் பாட்டு. ஒரே ஒரு வயலின். நாலரை நிமிடம். மேளம் இல்லை, ஆட்டம் இல்லை.

அந்தப் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்று டார்ச்சக்காவே ஒரு காரியம் செய்திருந்தாள். பால்கனிக் கூரைக்குக் கீழே காற்றை வெளியே இழுக்கும் பெரிய மின்விசிறி ஒன்று உண்டு. கிழட்டு விசிறி, உறுமிக்கொண்டே இருக்கும். ஒத்திகை பார்க்கும்போது வயலினை அது தின்றுவிடுவதைக் கவனித்தாள். சுவிட்ச் அவளுடைய தூணில்தான் இருக்கிறது. "பெஞ்சுப் பாட்டுக்கு முன்னாடி நான் இதை அமர்த்திடறேன் சார்" என்றாள். டைரக்டர் கட்டை விரலைக் காட்டினார். பின்வரிசை மேடையிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள்.

வண்டி புகைக்குள் மறைந்தது. விசில் அடங்கியது. டார்ச்சக்கா விசிறியை அமர்த்தினாள். வயலின் தொடங்கியது. பின்வரிசை பாடினாள்.

முதல் சரணத்தில் இரண்டு இருமல். அடுத்ததில் ஏழு. பிறகு பென்சிலுக்கு ஓய்வில்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பிறகு வரிசையோடு. மூன்றாவது வரிசை அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்து எண்ணிப் பார்த்தபோது முப்பத்தொன்று. இருபது வருடத்தில் ஒரு பாட்டுக்கு இவ்வளவு விழுந்ததில்லை.

மறுநாள் காலையில் வீட்டில் அட்டையைச் சுத்தமாக இன்னொன்றில் எழுதிக்கொண்டிருந்தாள். அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் தோள்வழியாக எட்டிப் பார்த்தாள்.

"கீழ எத்தனை இருமல்மா?"

"எந்தக் கீழ?"

"தரைத்தளத்துல. அங்க நானூறு பேர் இருக்காங்கல்ல? அங்க யாரு எண்ணுறா?"

"அங்க யாரும் எண்ணுறதில்ல. மேல எப்படியோ அப்படித்தான் கீழயும்."

"அது எப்படித் தெரியும்? எண்ணாம எப்படிச் சொல்லுவ?"

டார்ச்சக்காவுக்குச் சுருக்கென்றது. "நீ காலேஜுல மூணு வருஷம் படிச்ச. நான் பால்கனியில இருபத்தாறு வருஷம் படிச்சிருக்கேன். போ, பஸ்ஸு போயிடும்."

லிஃப்டுக்காரக் கணவர் செய்தித்தாளை இறக்காமலே சொன்னார்: "ரெண்டு பேரும் படிச்சவங்க. நடுவுல நான் ஒருத்தன்தான் மாட்டிக்கிட்டேன்."

இரண்டாம் வெள்ளோட்டத்தில் இருபத்தொன்பது. மூன்றாவது நாள் காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால், இருக்கைகளுக்கு நடுவே காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசை மேலே ஏறி வந்தாள். பாதி ஒப்பனை. ஒரு புருவம் வரைந்திருந்தது, இன்னொன்று வரையவில்லை.

"அக்கா, மேல எப்படி இருக்கு?"

"அதெல்லாம் நான் சொல்லக்கூடாது. உனக்கே தெரியும்."

"தெரியும். இருந்தாலும் கால் தானா ஏறி வந்துடுச்சு." அவள் முதல் வரிசைக் கைப்பிடியில் உட்கார்ந்தாள். "நாலு நிமிஷம் வெட்டணுமாம். ஒண்ணு பஸ் டான்ஸைக் குறைக்கணும், இல்ல என் பெஞ்சுப் பாட்டை எடுக்கணும். இன்னிக்கு அட்டையைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்னு டைரக்டர் சொல்லிட்டார். பஸ்ஸை யாராவது குறைப்பாங்களா அக்கா? அவர் ஆடுறதுக்குத்தான் டிக்கெட்டே விக்குது."

டார்ச்சக்கா குனிந்து இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"அந்தப் பாட்டு போச்சுன்னா நான் அந்த நாடகத்துல டிக்கெட் கிழிக்கிறவ, அவ்வளவுதான். மறுபடியும் பின்னாடி போய் நிக்க வேண்டியதுதான்." சிரித்தாள். "பொய்யா எழுதுங்கன்னு கேக்க வரலக்கா. நீங்க எழுதமாட்டீங்கன்னு தெரியும். அதான் தைரியமா வந்தேன்."

அவள் இறங்கிப் போவதை டார்ச்சக்கா மேலிருந்து பார்த்தாள். கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். கேட்காமல் போனவளை என்ன செய்வது?

அன்றைக்குப் பெஞ்சுப் பாட்டு தொடங்கியபோது, இத்தனை வருடத்தில் செய்யாத ஒன்றை அவள் செய்தாள். ஸ்டூலில் இருந்து எழுந்து தூணுக்கு இந்தப் பக்கம் வந்து மேடையைப் பார்த்தாள். பின்வரிசை கையை மடியில் வைத்துக்கொண்டு, வராத பேருந்தைப் பார்த்துப் பாடினாள். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு இடத்தில் குரலை உயர்த்த வேண்டும், அவள் தாழ்த்தினாள். டார்ச்சக்கா எண்ண மறந்தாள். பென்சில் சும்மா நின்றது. பின்னால் இருமல் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டுத் திரும்பி, விட்டதையும் சேர்த்து எண்ணத் தொடங்கினாள். முகங்களைப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தவர்கள் முன்னால் குனிந்திருந்தார்கள். ஒரு மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருமினார், இருமிக்கொண்டே துடைத்தார். முன்னால் குனிவதற்கு அவளுடைய அட்டையில் குறி இல்லை. இருமலுக்கு இருந்தது.

முப்பத்தொன்று.

தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகக் குறைக்க முடியுமா? தனக்கு மட்டும்தான் பிடித்திருக்கிறது என்றுதானே அந்தப் புள்ளிகள் சொல்கின்றன? மனசா அட்டையா என்று வந்தபோது அவள் அட்டையை நம்பினாள். அதுதான் நேர்மை என்று நினைத்தாள். அட்டையைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள்.

நான்காவது வெள்ளோட்டத்தில் பெஞ்சுப் பாட்டு இரண்டு வரியாகச் சுருங்கிவிட்டது. அவள் உட்காருவாள், இரண்டு வரி பாடுவாள், உடனே டிக்கெட் பரிசோதகர் வந்து நகைச்சுவை தொடங்கிவிடும்.

நாடகம் நன்றாக ஓடியது. முதல் வாரமே எல்லாக் காட்சியும் நிரம்பி வழிந்தது. பத்திரிகைகள் நடிகரைத் தூக்கி வைத்து எழுதின. கதாநாயகியைப் பற்றி ஒன்று 'குறையில்லை' என்றது, இன்னொன்று அதையும் சொல்லவில்லை. "பெஞ்சுப் பாட்டை எங்க காணோம்?" என்று பழைய ரசிகர்கள் படிக்கட்டில் கேட்டுக்கொண்டார்கள். "இந்தப் பொண்ணால முடியலையோ என்னவோ" என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள்.

வெள்ளோட்டம் முடிந்தால் டார்ச்சக்கா அட்டையை நிறுத்திவிட வேண்டியதுதான். ஆனால் கை சும்மா இருக்காது. ஏழாவது காட்சியில் பழக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தவள் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். பரிசோதகர் காட்சியில் சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது, நடுநடுவே இருமுகிறது. எண்ணினாள். இருபத்தெட்டு. அடுத்த நாளும் எண்ணினாள். முப்பது. பாட்டு போய்விட்டது. இருமல் போகவில்லை. பாட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

சிரிப்பில் புரையேறியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஒன்பதாவது காட்சியில், பேருந்து நடனம் முடிகிற நேரத்தில், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வெளியே போக வேண்டும் என்று எழுந்தாள். டார்ச்சக்கா கையைப் பிடித்து இருட்டில் படி இறக்கி, கழிப்பறைவரை கொண்டுபோய் விட்டுத் திரும்பி வந்தபோது பரிசோதகர் காட்சி பாதி முடிந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். யாரும் இருமவில்லை. காத்திருந்தாள். ஒருவர்கூட இருமவில்லை. தலைக்கு மேலே ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு வரிக்காக வழக்கமாக அமர்த்துவதை இன்று மறந்துவிட்டாள்.

அப்போது அவளுக்கு விளங்கியது. மேடையில் கிளம்பும் புகை மேலேதான் ஏறும். ஏறி வந்து பால்கனிக் கூரையில் முட்டும். விசிறி இழுத்துக்கொண்டிருந்தவரை போய்விட்டது. அமர்த்தியதும் நூற்று நாற்பது பேர் தலையில் இறங்கியது. கீழே இருந்த நானூறு பேருக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கும் ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருடப் புகையில் பழகிப்போன தொண்டை அவளுடையது. இருட்டில் அந்த மெல்லிய புகை கண்ணுக்குத் தெரியவில்லை, மூக்குக்கும் எட்டவில்லை.

பாட்டு நன்றாகக் கேட்கட்டும் என்று அமர்த்திய விசிறி.

மறுநாள் மதியம் விசிறியை ஓடவிட்டே வைத்திருந்தாள். மூன்று இருமல். அதற்கு மறுநாள் இரண்டு. இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. காட்சி முடிந்ததும் நேரே ஒப்பனை அறைக்குப் போனாள். சொல்ல வேண்டியதை வழியிலேயே கோத்து வைத்திருந்தாள்: 'பாட்டுல தப்பில்லம்மா. உன் மேலயும் தப்பில்ல. புகை. நான்தான் கவனிக்கல.' இவ்வளவுதான். மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடலாம்.

பின்வரிசை கண்ணாடிக்கு முன்னால் பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியிலேயே இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்கக்கா. நானே வரணும்னு இருந்தேன். உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்."

"எனக்கா? எதுக்கு?"

"இங்க எல்லாரும் மூஞ்சிக்கு நேரா நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னாங்க. நானும் நம்பிட்டேன். பதினோரு வருஷமா எனக்கு ஒரு நினைப்பு. ஒரே ஒரு தடவை தனியா நின்னு மெதுவா ஒரு பாட்டுப் பாட விட்டா ஊரையே கட்டிப் போட்டுடுவேன்னு." பஞ்சைத் தூக்கிப் போட்டாள். "உங்க அட்டைதான் உண்மையைச் சொல்லுச்சு. என் குரல் கூட்டத்துல சேர்ந்து பாடுற குரல். தனியா நின்னா ஆள் இருமும். தெரிஞ்சுக்கிட்டது நல்லதாப் போச்சு. இல்லன்னா சாகுற வரைக்கும் ஏங்கிட்டே இருந்திருப்பேன்."

டார்ச்சக்கா குனிந்து அந்தப் பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"என்னக்கா, ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"இல்ல... அந்த மஞ்சள் புடவை உனக்கு நல்லா இருக்கு. அதைச் சொல்லலாம்னுதான்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஏன் சொல்லவில்லை? அவள் அழுதிருந்தால் சொல்லியிருப்பாள். திட்டியிருந்தால் நிச்சயமாகச் சொல்லியிருப்பாள். நன்றி சொன்னவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அது மட்டும்தானா என்று கேட்டுக்கொண்டபோது, இல்லை என்றும் தெரிந்தது. இந்த அட்டை தப்பென்றால் இருபது வருடத்து அட்டைகள் என்னாவது? அப்பனும் மகனும் பேசுகிற காட்சியில் இருமினார்களே, அன்றைக்கு ஊரில் ஜலதோஷமா? நடுவில் ஒரு நாடகத்தில் கிழவன் வேடக்காரரை மாற்றினார்களே, அன்றைக்கு விசிறி ஓடியதா? யார் யாருடைய பாட்டு, யார் யாருடைய வேடம் அவளுடைய பென்சில் முனையில் போயிருக்கிறது? டைரக்டரிடம் போய்ச் சொன்னால் அவர் முதலில் கேட்பது அதைத்தான். பால்கனியில் டார்ச் அடிக்கிறவர்கள் எத்தனையோ பேர். அட்டை எழுதுகிறவள் அவள் ஒருத்திதான்.

அதன் பிறகு ஒவ்வொரு காட்சியிலும் விசிறியை ஓடவிட்டாள். யாரும் இருமவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான்கு மாதம் ஓடி, நிறைந்த அரங்கத்தோடு நாடகம் முடிந்தது. பின்வரிசை தொலைவில் வேறொரு ஊரில், ஒரு குழுவில் கோரஸுக்குப் போய்ச் சேர்ந்தாள். போகிற அன்று எல்லோரையும் போல இவளிடமும் சொல்லிக்கொண்டாள், போன் நம்பர் கொடுத்தாள்.

மகளிடம் மட்டும் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, யாருக்கோ நடந்தது போலச் சொல்லிப் பார்த்தாள். மகள் மடிப்பதை நிறுத்திவிட்டாள். 'நான்தான் அன்னிக்கே கேட்டேனே' என்று சொல்லவில்லை. சொல்லாததற்காக டார்ச்சக்கா மனசுக்குள் நன்றி சொன்னாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"யாரு?"

"தப்பா எண்ணினவங்க."

"சொல்லுவாங்க" என்றாள் டார்ச்சக்கா.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. பின்வரிசைதான். குரலில் உற்சாகம்.

"அக்கா, இங்க புது நாடகம் ஒண்ணு போடுறாங்க. என்னைப் பெரிய வேஷத்துக்குக் கூப்பிட்டாங்க. நம்பவே முடியல."

"ஆகா! நல்ல சேதி சொன்ன. எப்ப தொடங்குது?"

"வேணாம்னு சொல்லலாம்னு இருக்கேன். ரெண்டு பாட்டு தனியா உட்கார்ந்து பாடுறது. ரெண்டும் மெதுவானது. எனக்குத்தான் அது வராதே. புதன்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லியிருக்காங்க. நேத்து ராத்திரி கொஞ்சம் சபலமா இருந்துச்சு, அப்புறம் உங்க அட்டையை நினைச்சுக்கிட்டேன். தப்பிச்சேன்."

அடுப்படியில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்டுக்காரர் கட்டிலில் குறட்டை விட்டார். புகை என்கிற சொல் நாக்குவரை வந்துவிட்டது.

"நல்லா யோசிச்சு சொல்லும்மா" என்றாள் டார்ச்சக்கா.

"யோசிக்க என்னக்கா இருக்கு? சரி, வைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்குங்க."

திங்கள் போயிற்று. செவ்வாய்க்கிழமை இரண்டு முறை போனைக் கையில் எடுத்து, டார்ச்சோடு சேர்த்துப் பையில் வைத்தாள். புதன்கிழமை காட்சி தொடங்குவதற்கு முன், காலியான பால்கனியில், நாலாவது வரிசையில் உட்கார்ந்து நம்பரை அழுத்தினாள். மூன்றாவது மணியிலேயே பின்வரிசை எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்கக்கா."

"ம்... எங்க இருக்க?"

"ஒத்திகையில. பழைய இடத்துலதான், பின்னாடி" என்று சிரித்தாள். "காலையிலேயே சொல்லிட்டேன், என்னால முடியாதுன்னு. இன்னொரு பொண்ணைக் கூப்பிட்டுட்டாங்க. என்னக்கா, ஏதாவது அவசரமா?"

கீழே கதவு திறந்து முதல் ஆட்கள் உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள். யாரோ இருக்கை எண்ணைச் சத்தமாகப் படித்தார்கள்.

"அவசரமெல்லாம் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன். சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா. நீங்க?"

"இனிமேதான்" என்றாள். பின்வரிசை அங்கே யாருக்கோ "இதோ வரேன்" என்று குரல் கொடுப்பது கேட்டது. அவள் போனை வைக்கும்வரை டார்ச்சக்கா காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய் டிக்கெட்டுக்குக் கை நீட்டினாள்.